பழைய இழுப்பறையில் ஒரு புதிய அந்துப்பூச்சி

புதிய உயிரினம் பற்றிய நாளிதழ்ச் செய்திகளுக்கென்று ஒரு வார்ப்பு இருக்கிறது. மழைக்காடு, நள்ளிரவு, தலையில் விளக்குக் கட்டிய ஆய்வாளர், விளக்கின் முன் கட்டிய வெள்ளைத் துணியில் வந்து உட்காரும் பூச்சி. அதை அதற்கு முன் மனிதக் கண் எதுவும் பார்த்ததில்லை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிவியலில் ஒரு புதிய இனம் பிறப்பது பெரும்பாலும் இப்படி இல்லை. 2021-இல், பாரிஸ், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களைச் சார்ந்த ஆய்வாளர்கள் மடகாஸ்கர் தீவின் ஓர் அந்துப்பூச்சியைத் தனி இனம் என்று அறிவித்தார்கள். சாந்தோபன் ப்ரேடிக்டா என்பது அதன் பெயர். அதுவரை அதை யாரும் கண்டதில்லை என்று சொல்ல வழியில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அருங்காட்சியக இழுப்பறைகளில், முள்ளில் குத்தப்பட்டு, பெயர்ச்சீட்டோடு அது இருந்தது. பரிணாமம் பற்றிய நூல்கள் பலவற்றில் அதன் கதை வந்திருக்கிறது. எல்லாரும் அறிந்த பூச்சி எப்படிப் புதிய இனமாகும்? இதற்கு விடை தேடினால், ஓர் இனத்தை விவரிப்பது என்றால் என்ன என்பது விளங்கிவிடும். கண்ணில் படுவது அந்த வேலையில் சிறு பங்கு. ஏற்கெனவே தெரிந்தவை அனைத்தோடும் ஒப்பிட்டு, இது வேறு என்று சான்றுகளை அடுக்கி வாதாடுவதுதான் பெரும் பங்கு. புதிய இனம் என்பது பிறர் மறுக்கக் கூடிய ஒரு வாதம் என்பதே என் கட்சி.

கதை ஒரு பூவில் தொடங்குகிறது. மடகாஸ்கரில் ஆங்கிரேக்கம் செஸ்குபெடேல் என்றோர் ஆர்க்கிட் உண்டு. மெழுகில் செய்தது போன்ற வெள்ளை நட்சத்திரப் பூ. இருட்டிய பிறகுதான் மணம் வீசும். பூவின் பின்னால் ஒல்லியான பச்சைக் குழல் ஒன்று கிட்டத்தட்ட ஓரடி நீளத்துக்குத் தொங்கும். தேன் இருப்பது அதன் அடியில் மட்டும். 1862 ஜனவரியில் ஜேம்ஸ் பேட்மன் என்ற ஆர்க்கிட் வளர்ப்பாளர் இந்தப் பூக்களை சார்லஸ் டார்வினுக்கு அனுப்பிவைத்தார். டார்வின் அளந்து பார்த்தார். குழல் பதினொன்றரை அங்குலம். அதில் கீழ்க்கோடி ஒன்றரை அங்குலத்தில்தான் தேன். மெல்லிய உருளை ஒன்றைக் குழலின் வாயில் செலுத்தி, எவ்வளவு ஆழத்துக்குத் தள்ளினால் மகரந்தக் கட்டி ஒட்டிக்கொண்டு வெளியே வருகிறது என்றும் சோதித்தார். அதே ஆண்டு வெளியான ஆர்க்கிட் பற்றிய நூலில் தன் முடிவை எழுதினார்: பத்து, பதினொரு அங்குலம் நீளக்கூடிய உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தாக வேண்டும். பூச்சியியலாளர் சிலர் இதைக் கேலி செய்தார்கள். அவ்வளவு நீள நாக்குள்ள பூச்சியை அன்று யார் கண்டிருந்தார்கள்?

கேலியைவிடக் கடுமையான எதிர்ப்பு 1867-இல் வந்தது. ஆர்கைல் கோமகன் ஜார்ஜ் கேம்பல், இத்தகைய பூக்களின் நுணுக்கமும் அழகும் படைத்தவனின் திட்டத்தையே காட்டுகின்றன என்று ஒரு நூலில் வாதிட்டார். அதற்குப் பதில் எழுதியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். அவர் பதிலில் என்னை ஈர்ப்பது தத்துவப் பகுதி அல்ல, அளவுகோல் எடுத்த பகுதி. பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பிலிருந்த தென்னமெரிக்கப் பூச்சி ஒன்றின் உறிஞ்சுகுழலை அவர் அளந்தார்: ஒன்பதே கால் அங்குலம். வெப்பமண்டல ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மார்கனி என்ற இனத்தின் குழல் ஏழரை அங்குலம். இன்னும் இரண்டு மூன்று அங்குலம் நீண்டால் போதும், ஆங்கிரேக்கத்தின் தேனை எட்டிவிடலாம். ஆகவே மடகாஸ்கரில் அப்படியொரு பூச்சி இருக்கிறது, நெப்டியூன் கோளைத் தேடிய வானியலாளர்களின் அதே நம்பிக்கையோடு இயற்கையாளர்கள் அதைத் தேடலாம் என்றார். வாலஸ் மலேயாத் தீவுகளில் எட்டு ஆண்டுகள் அலைந்து பூச்சி பிடித்தவர். காட்டின் அருமையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரே இந்தக் கணிப்புக்குத் தேடிப் போன இடம் காடு அல்ல, லண்டனில் இருந்த இழுப்பறை. ஆப்பிரிக்கப் பூச்சியை 1856-இல் பிரான்சிஸ் வாக்கர் முறையாக விவரித்து வைத்திருக்காவிட்டால், வாலஸுக்கு ஒப்பிட எதுவும் இருந்திருக்காது.

டார்வினும் வாலஸும் கணித்த பூச்சி 1903-இல் அச்சேறியது. வால்ட்டர் ராத்ஸ்சைல்டும் கார்ல் ஜோர்டனும் ஹாக்மாத் என்ற அந்துப்பூச்சிக் குடும்பம் முழுவதையும் ஆராய்ந்து எழுதிய பெருநூலில், மடகாஸ்கர் பூச்சிக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்டது என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். டார்வின் மறைந்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. வாலஸ் உயிரோடு இருந்தார். ஆனால் ராத்ஸ்சைல்டும் ஜோர்டனும் அதற்குக் கொடுத்த தகுதி துணையினம் என்பது மட்டுமே. அதாவது, ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் வாழும் மார்கனி இனத்தின் ஒரு தீவுக் கிளை. அன்றைய சான்றுகளைப் பார்த்தால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். இரண்டும் கண்ணுக்கு மிக நெருக்கமானவை. வேறு வேறு நிலங்களில் இருக்கின்றன. இடத்துக்கு இடம் சிறிது மாறுபடும் வடிவங்களை எல்லாம் தனித்தனி இனமாக்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வழக்கத்தைக் கட்டுப்படுத்த முயன்றவர் ஜோர்டன். அவருடைய நிதானம் இந்தப் பூச்சியைத் துணையினமாக நிறுத்தியது. அந்த நிலை 118 ஆண்டுகள் நீடித்தது.

இனத்தை விவரிப்பது என்று நான் சொல்லும் வேலை எப்படி நடக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிடித்த பூச்சியை முள்ளில் பொருத்தி, சிறகை விரித்துக் காயவைப்பார்கள். பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் எழுதிய சிறு சீட்டு அதே முள்ளில் ஏறும். அந்தச் சீட்டு இல்லாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவியலுக்குப் பெரும்பாலும் பயன்படாது. அந்துப்பூச்சியின் சிறகு நிறம் நம்பத்தக்கதல்ல. செதில்கள் உதிரும், ஒரே இனத்திலேயே சாயல் மாறும். ஆகவே வயிற்றின் நுனியைப் பிரித்து, காரக் கரைசலில் ஊறவைத்து, உள்ளிருக்கும் இனப்பெருக்க உறுப்புகளைத் தனியே எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நெருங்கிய இனங்களைப் பிரித்துக்காட்டுவது பெரும்பாலும் அந்தக் கடினமான நுண்ணிய உறுப்புகள்தான். பிறகு அந்தப் பேரினத்தில் இதுவரை பெயரிடப்பட்ட ஒவ்வோர் இனத்தோடும் ஒப்பிட வேண்டும். லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் நூறாண்டுக்கு முன் எழுதிய விவரிப்புகளைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றிலிருந்தும் வேறு என்று உறுதியானால், ஒரே ஒரு பூச்சியை வகைமாதிரியாகக் குறித்து, எந்த நிறுவனத்தில் அது வைக்கப்படுகிறது என்று எழுதி, பெயரோடு அச்சில் வெளியிட வேண்டும். நாளைக்கு யாருக்காவது ஐயம் வந்தால் முறையீட்டுக்குப் போகும் இடம் அந்த ஒற்றைப் பூச்சி. 2024-இல் விவரிக்கப்பட்ட கார்மென்டா பிராக்கிகிளாடோஸ் என்ற கயானா நாட்டு அந்துப்பூச்சி, பயணப் பையில் வந்த விதைக்குள் ஒளிந்து கடல் கடந்து, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு வீட்டின் வரவேற்பறையில் பறந்தது. கண்ணில் பட்ட இடம் வீடாக இருந்ததால் அதன் விவரிப்பு ஒரு படி குறைந்துவிடவில்லை. அதே டி.என்.ஏ. சோதனை, அதே அருங்காட்சியக ஒப்பீடு அதற்கும் நடந்தது.

மடகாஸ்கர் பூச்சிக்கு 2021-இல் திரட்டிய சான்றுகள் பல திசைகளிலிருந்து வந்தவை. சிறகின் வடிவம் மார்கனியிலிருந்து மாறுபடுகிறது. உடலின் அடிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கிறது. உறிஞ்சுகுழல் சராசரியிலேயே தெளிவாக நீளம். ஒரு பூச்சியின் குழலை நீட்டி அளந்தபோது 28.5 செ.மீ. இருந்தது. அறியப்பட்ட எந்தப் பூச்சிக்கும் இதைவிட நீளமான குழல் இல்லை. இவற்றோடு, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டு இரண்டுக்கும் இடையே 7 சதவீதத்துக்கு மேல் வேறுபடுகிறது. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிகளில் நெருங்கிய இனங்களுக்கு நடுவே இரண்டு மூன்று சதவீத வேறுபாட்டைக் கண்டாலே ஆய்வாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதை நினைத்தால் இந்த எண்ணின் கனம் புரியும். இரு கூட்டங்களும் பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்பதை அது காட்டுகிறது.

முதல் ஆட்சேபம் எளிதில் எழும். அதே பூச்சி, அதே இழுப்பறை; துணையினம் என்ற சீட்டை எடுத்துவிட்டு இனம் என்ற சீட்டை வைத்தார்கள், இதில் கண்டுபிடிப்பு எங்கே என்று கேட்கலாம். விலங்குப் பெயரிடும் விதிகளே இந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கின்றன. துணையினத்தை இனமாக உயர்த்தினால் பழைய பெயரும், அதைச் சூட்டியவர்களும், ஆண்டும் அப்படியே தொடரும். ஆகவே 2021-இல் பிறந்த இந்த இனத்தின் பெயருக்குப் பின்னால் இன்றும் ராத்ஸ்சைல்ட், ஜோர்டன், 1903 என்றுதான் எழுத வேண்டும். ஆனால் சீட்டில் மாறியது ஒரு சொல் என்றாலும், அந்தச் சொல் தாங்கும் கூற்று வேறு. துணையினம் என்றால், இரு கூட்டங்களும் சந்தித்தால் கலந்துவிடும், ஒரே ஓடையின் இரு கிளைகள் என்று பொருள். தனி இனம் என்றால், அவை தத்தம் வழியில் போய்விட்டன என்று பொருள். சந்திக்க வைத்துச் சோதிக்க வழியில்லை. மிகக் குறுகிய இடத்திலும் ஏறத்தாழ 400 கி.மீ. அகலமுள்ள மொசாம்பிக் கால்வாய் நடுவே கிடக்கிறது. நேரடிச் சோதனை இயலாத இடத்தில் ஒன்றையொன்று சாராத பல சான்றுகள் ஒரே முடிவைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் நேர்மையான வழி. 1903-இல் அத்தனை சான்றுகள் கைவசம் இல்லை. கூற்று மாறியது சான்று கூடியதால்.

இதே பூச்சியின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. வழக்கமாகச் சொல்லும் கதைகளில் அதை விட்டுவிடுகிறார்கள். டார்வின் சொன்னார், பூச்சி கிடைத்தது, பரிணாமம் வென்றது என்று முடித்துவிடுவார்கள். 1903-இல் கிடைத்தது போதிய நீள நாக்குள்ள ஒரு பூச்சி மட்டுமே. அது அந்தப் பூவுக்குப் போகிறதா, மகரந்தத்தைச் சுமக்கிறதா என்பது அப்போது தெரியாது. அதற்கான சான்று 1990-களில், ஜெர்மானிய ஆய்வாளர் லூட்ஸ் வாசர்த்தால் மடகாஸ்கரில் செய்த ஆய்வுகளில்தான் வந்தது. அவரோ கதையைச் சற்றுக் கலைத்தும் விட்டார். பூக்குழலும் பூச்சி நாக்கும் போட்டி போட்டுக்கொண்டு நீண்டன என்பது டார்வின் வழி விளக்கம். வாசர்த்தால் வேறொன்றைச் சொன்னார்: பூக்களில் பதுங்கியிருக்கும் சிலந்தி போன்ற பகைவர்களுக்கு எட்டாமல் தூரத்தில் மிதந்தபடி தேன் குடிக்க நீண்ட நாக்கு உதவியிருக்கலாம், நாக்கு முதலில் நீண்டது, பூக்கள் பின்னால் அதற்கேற்ப அமைந்துகொண்டன. இந்த வழக்கு இன்னும் தீர்ந்ததாக நான் கருதவில்லை. இங்கு கவனிக்க வேண்டியது, பூச்சி இருக்கிறது, அது தனி இனம், இந்தப் பூவை அது சூல்கொள்ள வைக்கிறது, நாக்கு நீண்டதற்குக் காரணம் இது என்பவை நான்கு தனிக் கூற்றுகள். ஒவ்வொன்றும் தனக்கான சான்றைக் கேட்கிறது. முதல் மூன்றுக்கும் சான்று சேர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அடுத்த ஆட்சேபம் இக்காலத்தது. டி.என்.ஏ. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறது என்றால் முள்ளும் இழுப்பறையும் எதற்கு? ஒரு காலை நறுக்கி இயந்திரத்தில் போட்டால் போதாதா? 2003-இல் கனடாவின் பால் ஹெபர்ட் குழு ஒரே மரபணுத் துண்டைக் கொண்டு இனங்களை அடையாளம் காணும் முறையை முன்வைத்ததிலிருந்து இந்தக் குரல் கேட்கிறது. முறை பயனுள்ளதுதான். ஆனால் எண் தானாகப் பேசாது. 2004-இல் கோஸ்டாரிகாவின் குவானகாஸ்டே காட்டில், அந்துப்பூச்சிகளின் உறவான ஒரு துள்ளு வண்ணத்துப்பூச்சி உண்மையில் பத்து இனங்கள் என்று இம்முறையில் அறிவித்தார்கள். புழுக்களின் தோற்றமும் தின்னும் செடியும் வேறாக இருந்ததும் அதற்குத் துணை நின்றது. 2006-இல் ஆண்ட்ரூ பிரவர் அதே தரவுகளை மறுபடி அலசி, பத்து என்ற எண்ணிக்கையை அந்தத் தரவுகள் தாங்கவில்லை என்று காட்டினார். மைட்டோகாண்ட்ரியா தாய் வழியில் மட்டும் வருவது. பூச்சிகளின் உடலில் குடியிருக்கும் சில பாக்டீரியாக்கள் அந்த வழியையே குழப்பிவிடக் கூடும். எத்தனை சதவீதம் வேறுபட்டால் தனி இனம் என்று இயற்கை எங்கும் எழுதிவைக்கவில்லை. இன்னொன்று, கிடைத்த மரபணுத் தொடருக்கு ஏற்கெனவே பெயர் உண்டா என்று எப்படித் தெரியும்? அதற்குப் பழைய வகைமாதிரியிடமே போக வேண்டும். புதிய கருவி பழைய இழுப்பறையின் மதிப்பைக் கூட்டியிருக்கிறதே தவிரக் குறைக்கவில்லை. நூறாண்டு காய்ந்த காலிலிருந்தும் இன்று டி.என்.ஏ. எடுக்க முடிகிறது.

உயிரைக் கொன்றுதானா பெயர் வைக்க வேண்டும் என்பவர்களின் மனக்குறை எனக்கு அற்பமாகப் படவில்லை. 2015-இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றைப் பூச்சி கைவசம் இல்லாமல் படங்களை மட்டும் வைத்து விவரித்தார்கள்; அது பெரிய சர்ச்சையானது. கடைசிச் சில விலங்குகளே மிஞ்சிய இனமென்றால் படத்தோடு நிறுத்திக்கொள்வதை ஆதரிப்பேன். அந்துப்பூச்சிக்கு அது பொருந்தாது. படத்தில் உள்ளுறுப்பைப் பார்க்க முடியாது. நாளை வரும் சோதனைக்கு படத்தில் திசு இல்லை. 1903-இல் பூச்சியைச் சேர்த்து வைத்தவர்களுக்கு டி.என்.ஏ. என்றொன்று பரம்பரையைச் சுமக்கிறது என்பதே தெரியாது. அவர்கள் படம் மட்டும் வரைந்துவிட்டுப் போயிருந்தால் 2021-இன் வாதத்துக்குப் பாதிச் சான்றுதான் எஞ்சியிருக்கும். முதிர்ந்த அந்துப்பூச்சியின் ஆயுள் பெரும்பாலும் சில நாட்களோ வாரங்களோதான். அதன் இனத்தை அழிப்பது சேகரிப்பாளரின் வலையைக் காட்டிலும் காட்டின்மேல் விழும் கோடரிதான்.

பெயர் வைத்து என்ன பயன் என்போருக்கு மடகாஸ்கரே விடை சொல்கிறது. துணையினமாக இருந்தவரை, இந்தப் பூச்சி ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் பரவிய ஓர் இனத்தின் ஓரக் கிளை. தீவில் அழிந்தாலும் இனம் பிழைத்திருக்கும் என்று கணக்குப் பார்க்கலாம். தனி இனம் என்றானதும் அந்தக் கணக்கு செல்லாது. அதற்கு உலகில் இருக்கும் ஒரே வீடு மடகாஸ்கர். அந்தத் தீவின் காடு விறகுக்கும் கரிக்கும் பயிருக்கும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டிருக்கிறது. நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. நீலகிரியில் தோட்ட முதலாளியாக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை தொகுதிகள் வெளியிட்டார். 1893-இல் இலங்கையிலிருந்து அவர் விவரித்த மிமூசெமியா சிலோனிக்கா என்ற பூச்சி, 2018-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் தென்பட்டது. இந்தியாவில் அது இருப்பதாக அதற்கு முன் பதிவில்லை. ஹாம்ப்சனின் விவரிப்பு இல்லாதிருந்தால், அது யாரோ எடுத்த அழகான படமாக முடிந்திருக்கும். களக்காட்டிலிருந்து தொலைவில்லாத செந்துருணி சரணாலயத்திலிருந்து தெரெட்ரா செந்துருணியென்சிஸ் என்ற புதிய ஹாக்மாத் 2017-இல் விவரிக்கப்பட்டது. தென்மலைகளில் தேடுவதற்கு இன்னும் இருக்கிறது.

தேடுவதைக் காட்டிலும், தேடியதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாததுதான் இன்றைய தட்டுப்பாடு. ஓர் உயிரினம் சேகரிக்கப்பட்டு அலமாரிக்குப் போன நாள் முதல் புதிய இனமென்று விவரிக்கப்படும் நாள் வரை சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இந்த 21 ஆண்டு காட்டில் கழிவதில்லை. நுண்ணோக்கியின் முன் உட்கார ஆள் கிடைக்காமல் இழுப்பறையில் கழிகிறது. தென்னிந்திய அந்துப்பூச்சிகள் பலவற்றின் வகைமாதிரிகள் லண்டனில் இருப்பதால் இங்குள்ள ஆய்வாளருக்கு வேலை இன்னும் கடினம். பயணத்துக்கும் கேமராவுக்கும் நிதி ஒதுக்குவோர், பல்கலைக்கழகங்களில் வகைப்பாட்டியலுக்குப் பணியிடங்களையும், பூச்சி மாதிரிகளைக் கறையானும் பூஞ்சையும் அண்டாமல் காக்கும் அறைகளையும் தந்தால் அதைவிட அதிகம் கண்டுபிடிக்கப்படும் என்பது என் கணிப்பு. வாசகரிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை புதிய இனம் கண்டுபிடிப்பு என்ற தலைப்பைப் பார்த்தால், வகைமாதிரி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எந்தெந்த இனங்களோடு ஒப்பிட்டார்கள், எந்த ஆய்விதழில் வெளியானது என்று செய்திக்குள் தேடிப் பாருங்கள். அவை இல்லாவிட்டால், ஒரு பூச்சியை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்ற அளவுக்கு அதை நம்பினால் போதும்.